ஏழு மாத மரியாதை

நான் பெற்ற மகளை ஏழு மாதம் "வாங்க, போங்க" என்று கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா, குளிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா. எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம்கூட "கொஞ்சம் தள்ளி உக்காருங்க கண்ணு" என்போம். ஆனால் அது வெளியாளுக்கு. எங்கள் வீட்டில் பெற்ற பெண்ணுக்கு "வாடி, போடி"தான். அதை நான் மாற்றியது மரியாதை முற்றிப்போய் அல்ல, பயத்தில். ஒரு சொல் தப்பாக விழுந்தால் இவள் செத்துப்போவாளோ என்ற பயம்.

"உங்க பொண்ணு குணமாகிட்டு வர்றா. உங்க அனுபவத்தை எழுதுங்கம்மா, மத்தத் தாய்மாருக்கு நம்பிக்கையா இருக்கும்" என்று அவளுடைய கவுன்சலர் சொன்னார். நம்பிக்கை என்கிற சொல்லே எனக்கு ஆகாது. நகைக்கடைக்காரர்கள் சுவரில் எழுதிவைக்கிற சொல் அது. "நான் எழுதினா கசப்பாத்தான் வருங்க" என்றேன். "வந்தா வரட்டும்" என்றார். சொன்னது அவர்தான், அதனால் பின்னால் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் பாதிப் பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். முதல் நாள் தரையில் புரண்டு அழும் பிள்ளையை அரை மணியில் சோறு தின்ன வைத்துவிடுவேன். "டீச்சர் இடுப்புல ஏறுனா போதுங்க, புள்ள கப்புன்னு அடங்கிடுது" என்று தாய்மார்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனமே வந்திருந்தது. என் ஒரே மகளை மட்டும் என்னால் அடக்க முடியவில்லை, ஆற்றவும் முடியவில்லை.

பதினைந்து பதினாறு வயதில் ஆரம்பித்தது. வயசுக் கோளாறு என்றோம். தருமபுரியில் கல்லூரி சேர்ந்து இரண்டாம் வருடம் வந்தபோது வீட்டில் எல்லாரும் மூச்சுவிடக்கூட யோசித்தோம். காலையில் அடுப்படியில் பின்னால் வந்து கட்டிக்கொண்டு, "உன்ன மாதிரி அம்மா யாருக்கும் கெடைக்காதும்மா" என்பாள். சாயந்திரம் அவளுக்கு டீ கொண்டுபோகிற வழியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டால் போச்சு. "உனக்கு நான் முக்கியமில்ல. நீ என்னைப் பெத்ததே தப்பு" என்று டம்ளர் பறக்கும். காலையில் சொன்னது நடிப்பு, சாயந்திரம் சொன்னதுதான் நிஜம் என்று நான் முடிவு கட்டினேன். இரண்டுமே அவளுக்கு அந்தந்த நேரத்தில் முழு நிஜம் என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின.

தோழி ஒருத்தி காலை வணக்கத்துக்குப் பதில் போடவில்லை என்று ஒருநாள் ஃபோனைத் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தாள். நான் எடுத்துத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். மறுநாள் ஃபோன் உயிர் பிழைத்தது. தோழியின் பதிலும் அதற்குள் வந்து கிடந்தது. அவளுக்குக் காய்ச்சலாம், தூங்கிவிட்டாளாம். மகள் அதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். நான் அதையும் ஸ்டைல் என்று நினைத்தேன். பிள்ளைகளின் எடையில் நூறு கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்து எழுதுகிற எனக்கு, என் வீட்டில் ஒரு கை ஏன் துணிக்குள் ஒளிகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஊர் சொல்லாத வைத்தியமா? என் கணவரின் அக்கா வந்து, "கட்டிக் குடுத்துடு, எல்லாம் சரியாப்பூடும்" என்றார். "யாருக்கு அண்ணி சரியாப்போவும்?" என்று கேட்டேன். அதன்பிறகு ஒரு வருடம் அவர் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. இந்த நோயால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. மந்திரித்துக் கயிறு கட்டினோம். படித்த பெண், மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை, எங்களுக்கு முன்னால் கிளம்பி நின்றாள். திரும்பி வரும்போது சொன்னாள்: "எனக்குள்ள இருக்கறது பேயா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்மா. ஓட்டிடலாம்." அவள் அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவள்மேல் ஆத்திரம்தான் இருந்தது.

எனக்கு வாய் அதிகம். மிக்ஸி நின்றுபோனாலும் "செத்துத் தொலை" என்பேன், ஆடு வேலி தாண்டினாலும் அதையேதான் சொல்வேன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான், பிள்ளைகளைத் திட்டிவிட்டு அதே வாயால் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஒருநாள் காலையில் அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் துணி அலசப் போனேன். குழம்பு கருகி, பாத்திரமும் கருகி, அவள் பக்கத்திலேயே நின்று ஃபோனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். "எங்கியாச்சும் போய்ச் செத்துத் தொலைடி, எனக்காச்சும் நிம்மதியா இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டு அங்கன்வாடிக்குப் போய்விட்டேன். சாயந்திரம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் என்ன செய்தாள் என்று எழுத மாட்டேன். பிழைத்துக்கொண்டாள், அது போதும்.

"உங்க ஒரு வார்த்தையால நடந்தது இல்ல, இது நோய்" என்று பிற்பாடு கவுன்சலர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருக்கிறேன். நம்பியதில்லை.

அங்கிருந்து மஞ்சவாடி கணவாய் தாண்டிச் சேலத்துக்குப் போனோம். மனநல டாக்டர் இரண்டு நாள் அவளிடம் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டு, "பார்டர்லைன் பர்சனாலிட்டி" என்றார். என் கணவர் மரவள்ளி விவசாயி, கிழங்கு லோடோடு ஊர் ஊராகப் போய் வந்தவர். "பார்டர்னா எந்தப் பக்கமுங்க? ஓசூருங்களா?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. மனசுக்குள் உணர்ச்சி கொஞ்சமாக வருகிற இடத்தில் இவளுக்குப் பத்து மடங்கு வருகிறது, யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இவளைப் பிடித்து ஆட்டுகிறது, இது திமிர் இல்லை, வேஷமும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். குணமாகுமா என்று கேட்டேன். "நிறைய பேர் நல்லா ஆகறாங்க. ஆனா மாத்திரையால மட்டும் ஆகாது. பேச்சு சிகிச்சைதான் முக்கியம், நாள் பிடிக்கும்" என்றார். இத்தனை நாள் பேசிப் பேசித்தானே இந்தக் கதிக்கு வந்தோம், இன்னும் பேச்சா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று கவுன்சலர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "குரலை உயர்த்தாதீங்க. அவளை மதிச்சுப் பேசுங்க. மரியாதை குடுத்துப் பேசுங்க." அந்தக் கவுன்சலர் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நோட்டில் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டாள். என் கணவர் காதருகே வந்து, "இனிமேட்டு வாடி போடி எல்லாம் வேண்டாம், கேட்டியா? ஒனக்கு வாயி நிக்காது. பாத்துப் பேசு" என்றார். சரி என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான் அந்த மரியாதை.

முதல் நாள் "காப்பி குடிக்கிறீங்களா?" என்றபோது கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் "ஏன் இப்பிடிப் பேசற?" என்றாள். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். எனக்கே நாக்கு கூசியது. என் கணவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவள் கூடத்துக்கு வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரி, "என்னாங்க டீச்சர், வூட்டுக்குப் புது மருமவன் வந்தாப்பல இருக்குது" என்று சிரித்தாள்.

அவள் அடங்கிப்போனாள். கத்தவில்லை, எதையும் எறியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். கேட்டால் ஒரு வார்த்தைதான் பதில். நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதுதான் இதில் கேவலம். வீட்டில் சத்தம் இல்லை, மருந்து வேலை செய்கிறது என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். நான் கோயிலுக்குப் பால்குடம்கூட நேர்ந்துகொண்டேன்.

ஏழாம் மாதம் சேலத்தில் கவுன்சலர் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார். வீட்டில் எப்படி இருக்கிறது என்று மகளைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னை விருந்தாளி ஆக்கிட்டாங்க மேடம். எப்ப கெளம்புவேன்னு பாத்துட்டு இருக்காங்க. எங்கம்மா திட்டுனா கூட நான் அவங்க பொண்ணுன்னு தெரியும். இப்ப நான் யாருன்னே தெரியல."

"யார் உங்களை இப்படிப் பேசச் சொன்னது?" என்று கவுன்சலர் எங்களைக் கேட்டார். "நீங்கதாங்க" என்றோம் இருவரும். நோட்டைத் திறந்து நீட்டினேன். அந்தப் பெண் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "அம்மா, நான் 'ங்க' போடச் சொல்லலைம்மா" என்றார். அவள் அழுகிறபோது இதுக்கெல்லாமா அழுவாங்க என்று கேட்காமல் இருப்பதுதான் அவர் சொன்ன மரியாதையாம். அவளுக்கு வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று ஒத்துக்கொள்வதாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்தால் என்ன? ஏழு மாதம்! விட்டுப் போய்விடுவார்களோ என்று நடுங்குகிற பிள்ளையை, தினம் மூன்று வேளை, பெற்ற வாயாலேயே வெளியில் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கோபத்தைக் கவுன்சலர்மேல் காட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர்மேல் என்ன தப்பு? நாங்கள் பேசுகிற தமிழ் அவருக்குத் தெரியவில்லை, அவர் பேசிய தமிழ் எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கணவாய் ஏறும்போது லாரிப் புழுதி அடித்தது. "ஜன்னல மூடுடி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் கணவர் முன் சீட்டிலிருந்து திடுக்கிட்டுத் திரும்பினார். மகள் ஜன்னலை மூடினாள். "மெதுவா சொன்னா மூட மாட்டனா? பஸ்ஸே பாக்குது" என்றாள். "புழுதி வந்தா உனக்குக் கண்ணு தெரியாதா?" என்றேன். பாப்பிரெட்டிப்பட்டி வரும்வரை சண்டை போட்டோம். கண்டக்டர்கூட இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அன்று வீட்டில் அவள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் மற்றத் தாய்மார்களுக்கு வசதியாக இருக்கும். ஆகவில்லை. அதற்கடுத்த வருடம் மறுபடி ஒருமுறை ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள். கல்லூரி ஒரு வருடம் நின்றுபோனது. ஆனால் வாரம் தவறாமல் சிகிச்சைக்குப் போனாள். கோபம் ஏறும்போது என்ன செய்வது, தனிமையாகத் தோன்றும்போது யாரைக் கூப்பிடுவது என்று அவளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். என் பெயரை அதில் மூன்றாவதாகத்தான் போட்டிருந்தாள். எனக்கு அது சுருக்கென்றது. "நீ பதறுவம்மா, அதான்" என்றாள்.

எனக்கும் ஒரு பாடம் கொடுத்தார்கள். அவள் உணர்ச்சியை மறுக்கக் கூடாது, அதற்காக அவள் கேட்பதையெல்லாம் செய்யவும் கூடாது. "முடியாதுன்னு சொல்லப் பழகுங்க" என்றார் கவுன்சலர். சொல்வது சுலபம். "முடியாது" என்று நான் சொல்லி அவள் உயிரோடு இருப்பாள் என்பதற்கு யார் பொறுப்பு? அவள் கூப்பிட்ட போதெல்லாம் அங்கன்வாடியை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். மேலதிகாரியிடம் மெமோ வாங்கினேன். மெமோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஓடினேன்.

இப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அரூரில், தாலுகா ஆபீஸ் பக்கத்தில், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை. வீட்டிலிருந்தே போய் வரலாம், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பெண்கள் விடுதியில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாகச் சேர்ந்துகொண்டாள். கவுன்சலரும் சரி என்றார். எட்டு மாதம் ஆகிறது. நான்தான் சரி என்று சொல்லவில்லை.

போன மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கு ஃபோன் வந்தது. கூட இருக்கிற பெண் நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லையாம், அறையை மாற்றிக்கொள்ளப் போகிறாளாம். "நீ இப்பவே வா" என்றாள். அன்று எங்களுக்கு எடை போடுகிற நாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள் வரிசையில், மேலதிகாரி வரப்போகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு. ஆனா இப்ப வர முடியாது. சாயந்திரம் பேசறன்" என்றேன். நாலு வருடத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் "முடியாது" அது.

"அப்ப நான் செத்தாகூட எட போட்டுட்டுத்தான் வருவ" என்று வைத்துவிட்டாள்.

திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இப்படிச் சொன்னால் சும்மா இருக்கக் கூடாது, உடனே பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிக்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். விடுதி வார்டனைக் கூப்பிட்டேன், அரை மணி கழித்துத்தான் கிடைத்தார். "அழுதாங்க. நான்தான் பேசிட்டு இருந்தேன். இட்லி சாப்ட்டுட்டு இப்பத்தான் வேலைக்குக் கெளம்புனாங்க. பயப்படாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரரிடமும் கேட்டேன். வந்துவிட்டாள் என்றார். அதோடு விட்டிருக்க வேண்டும். ஒரு குழந்தையின் எடையை இன்னொரு குழந்தை பெயரில் எழுதினேன். பதினோரு கிலோ பிள்ளைக்கு ஏழு கிலோ என்று போட்டேன். மேலதிகாரி "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றார். மூன்று மணிக்கு வருகைப் பதிவேடு பையில் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் அரூர் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்கு எதிரே நின்ற மினி லாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பார்த்தேன். ஒரு பெரியவர் அவளிடம் கத்திக்கொண்டிருந்தார். சான்றிதழில் பெயர் தப்பாக விழுந்துவிட்டது போல. அவள் முகம் சிவந்தது. "ஒரு நிமிஷங்க, திருத்திடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தாள். என் வீட்டில் பறந்த டம்ளர்களை எண்ணிப் பார்த்தேன். அப்போது அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். பெரியவர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.

"என்னம்மா?"

"சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு வேல இருந்துச்சு."

"என்ன வேல?"

என் பையிலிருந்து பதிவேடு எட்டிப் பார்த்தது.

"வார்டனுக்கு ஃபோன் பண்ணியிருக்க. கடைக்கும் பண்ணியிருக்க. நான் வந்துட்டேன்னு சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க."

"அப்பறம் என்னாத்துக்கு வந்த? என்னைப் பாக்கவா, நான் உசுரோட இருக்கறனான்னு பாக்கவா?"

"உசுரோட இருக்கறியான்னு பாக்கத்தான்" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

அவள் கீழுதடு துடித்தது. அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். லாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு கைகளையும் சுடிதாரில் அழுத்தித் தேய்த்து, மூச்சை இழுத்து விட்டாள். இன்னொரு தடவை இழுத்து விட்டாள். அரூர் கடைவீதியில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.

"காலைல நான் பேசுனது தப்பு" என்றாள். "அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நீ முடியாதுன்னு சொன்னப்ப, கோவம் போனதுக்கு அப்பறம், எனக்கு ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு. அம்மாவே முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா, நான் தாங்கிக்குவேன்னு நெனைக்கிறாங்கன்னு அர்த்தம். மத்தியானம் சாப்பிடறப்ப கூட அதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன். நீ வந்து லாரிக்குப் பின்னால நிக்கற."

பதிவேட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"நீ முடியாதுன்னா நான் செத்துட மாட்டேம்மா. நீ இப்பிடி வந்து நின்னாத்தான், செத்துடுவனோன்னு எனக்கே பயமாவுது."

கடைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். நாலு வருடமாக இவளைக் காப்பாற்றுகிறேன் என்று ஓடிய ஒவ்வொரு ஓட்டத்திலும், நீ செத்துவிடுவாய், நீ செத்துவிடுவாய் என்றுதான் நான் இவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எதிரே பாப்பிரெட்டிப்பட்டி பஸ் வந்து நின்றது. திரும்பிப் பார்க்காமல் ஏறுவதற்கு எனக்கு இரண்டு பஸ்ஸை விட வேண்டியிருந்தது.